விற்கப்பட்டவரின் கணக்கு

பழைய ஆட்களைப் பற்றிப் பேசும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும்: 'அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்ப்பா.' அதோடு பேச்சு முடிந்துவிடும். சொன்னவர் நிதானமானவராகவும், கேள்வி கேட்டவர் வரலாறு தெரியாத அவசரக்குடுக்கையாகவும் ஆகிவிடுவார்கள். அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. எனக்கு மீதிப் பாதிமீதுதான் சந்தேகம். அதைச் சோதித்துப் பார்க்க 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலவுடைமை நைட் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். பெயர் சர் ஜான் ஃபாஸ்டால்ஃப்.

பெயர் எங்கோ கேட்டதுபோல இருக்கலாம். ஷேக்ஸ்பியரின் குண்டு கோமாளி ஃபால்ஸ்டாஃபின் பெயர் இவருடைய பெயரைத் திரித்து வந்ததுதான். 'ஆறாம் ஹென்றி' நாடகத்தின் முதல் பாகத்தில் களத்தைவிட்டு ஓடும் கோழையாக இவரே வருகிறார். நிஜ மனிதர் வேறு மாதிரி. 1380இல் நார்ஃபோக்கில் பிறந்தவர். நூறாண்டுப் போரில் பிரான்சில் இருபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டவர். 1426இல் கார்ட்டர் நைட் ஆனார். 1429இல் பாட்டே தோல்வியில் தன் ஆட்களோடு பின்வாங்கியதால்தான் அந்தக் கோழைப் பட்டம். 1435இல் ஓர் அறிக்கை எழுதினார்: பிரான்சில் படை போகும் வழியெல்லாம் வீடு, பயிர், திராட்சைத் தோட்டம், பழமரம் எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை. போரில் சம்பாதித்ததை ஊரில் நிலமாக மாற்றினார். கெய்ஸ்டரில் 6000 பவுண்டுக்கு மேல் செலவழித்து ஒரு செங்கல் கோட்டை கட்டினார். பாதிக் கோட்டை இன்றும் நிற்கிறது.

ஆனால் நான் பேச வந்தது போர்க்களத்தைப் பற்றி அல்ல. ஒரு பையனைப் பற்றி.

1409இல் ஃபாஸ்டால்ஃப் மில்லிசென்ட் என்ற விதவையை மணந்தார். வில்ட்ஷயரில் உள்ள காஸில் கூம் உட்பட நல்ல நிலபுலன்களுக்கு வாரிசு அவர். முதல் கணவருக்குப் பிறந்த மகன் ஒருவன் இருந்தான், ஸ்டீஃபன் ஸ்க்ரூப். மனைவியின் நிலங்களைத் தன் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளும்படி ஃபாஸ்டால்ஃப் ஏற்பாடு செய்துகொண்டார். அவர் 1459வரை, கிட்டத்தட்ட எண்பது வயதுவரை, உயிரோடு இருந்தார். அம்மா 1446இல் இறந்த பிறகும் சொத்துக்காகக் காத்திருந்த ஸ்க்ரூபுக்கு அது கையில் வரும்போது வயது அறுபதைத் தொட்டிருந்தது.

அதற்கும் முன்னால் நடந்தது இன்னொன்று. அன்றைய சட்டத்தில் காப்பாளர் உரிமை என்று ஒன்று இருந்தது. நிலத்துக்கு வாரிசான பிள்ளை மைனராக இருந்தால், அவனுடைய காப்பாளருக்கு அவன் நிலமும் கிடைக்கும், அவனை யாருக்குக் கட்டிவைப்பது என்ற அதிகாரமும் கிடைக்கும். இந்த உரிமையை வாங்கலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஃபாஸ்டால்ஃப் சிறுவன் ஸ்டீஃபனின் காப்பாளர் உரிமையை 500 மார்க்குக்கு விற்றார். அதாவது சுமார் 333 பவுண்டு. வாங்கியவர் சர் வில்லியம் கேஸ்காயின். நாட்டின் தலைமை நீதிபதிப் பதவி வகித்தவர்! அங்கே இருந்தபோது பையனுக்கு ஏதோ நோய் கண்டது. பதின்மூன்று பதினான்கு வருஷம் விடவில்லை, உருவத்தையே சிதைத்துவிட்டது. பிறகு ஃபாஸ்டால்ஃப் அவனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அப்படியானால் 'அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்' என்று முடித்துவிடலாமா?

முடிக்கவிடாமல் தடுப்பவர் ஸ்க்ரூப்தான். நடுவயதில் அவர் தன் குறைகளை வரிசையாக எழுதி வைத்தார். மாற்றாந்தகப்பன் தன்னை ஒரு மிருகத்தைப்போல வாங்கி விற்றதாகவும், அது எல்லா நியாயத்துக்கும் சட்டத்துக்கும் விரோதம் என்றும் அதில் சொல்கிறார். கவனியுங்கள், இது 21ஆம் நூற்றாண்டு மனித உரிமைக்காரர் சொல்வது அல்ல. அதே நூற்றாண்டு, அதே வர்க்கம், அதே வீட்டில் சாப்பிட்ட ஆள் சொல்வது.

ஸ்க்ரூப் தனி ஆளும் இல்லை. 1215இன் மாக்னா கார்ட்டாவிலேயே காப்பாளர்களைப் பற்றி விதிகள் உண்டு. மைனரின் நிலத்தைப் பாழாக்கக் கூடாது, வாரிசைத் தகுதிக்குக் கீழே கட்டிக்கொடுக்கக் கூடாது. ஃபாஸ்டால்ஃப் பிறப்பதற்கு 165 வருஷம் முன்பே இந்த ஏற்பாட்டில் எங்கே அநியாயம் நடக்கும் என்று சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு புரோகிராமில் இன்ன பிழை வந்தால் பிடி என்று தனியாக நாலு வரி இருந்தால், அந்தப் பிழை ஏற்கெனவே யாரையோ கடித்திருக்கிறது என்று அர்த்தம். சட்டத்தில் வரும் 'கூடாது'களும் அப்படித்தான்.

ஆக, 'அந்தக் காலம்' என்று ஒரே குரல் இருந்ததில்லை. விற்றவரின் காலம் ஒன்று, விற்கப்பட்டவரின் காலம் ஒன்று. சகஜம் என்று நாம் சொல்லும்போது, நமக்கே தெரியாமல் விற்றவர் பக்கம் நின்று பேசுகிறோம். கணக்குப் புத்தகமும் பத்திரமும் அவர் கையில் இருந்ததால் அந்தக் குரல் உரக்கக் கேட்கிறது, அவ்வளவுதான். இந்த உரிமையை இங்கிலாந்து 1660இல் ஒழித்தது. அன்றுதான் எல்லோருக்கும் திடீரென்று மனசாட்சி முளைத்தது என்று நினைப்பதற்கில்லை.

ஃபாஸ்டால்ஃபுக்கு யோசிக்க நேரமே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. முதுமையில் அவருக்காகவே இரண்டு நூல்கள் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டன. ஒன்று கிறிஸ்டீன் த பிசான் எழுதியது, நல்ல நைட்டுக்கு இருக்கவேண்டிய நற்குணங்களைச் சொல்வது. மற்றது பழைய தத்துவஞானிகளின் பொன்மொழிகள். மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? ஸ்டீஃபன் ஸ்க்ரூப்! விற்கப்பட்டவன் விற்றவருக்கு அறநூல் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறான். கிழவர் கேட்டாரா? 1450களில், எழுபது தாண்டிய வயதில், தாமஸ் என்ற உறவுக்காரச் சிறுவனின் காப்பாளர் உரிமைக்காக இன்னொரு பிரபுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பையனைத் தன் நண்பர் ஜான் பாஸ்டனின் மகளுக்குக் கட்டிவைக்கலாம் என்ற யோசனையும் ஓடியது.

இதுவரை கதை சுலபம்: பணக்காரர் கெட்டவர், பையன் பாவம். ஆனால் ஸ்க்ரூபின் குறைப்பட்டியலை இன்னும் கொஞ்சம் படித்தால் நெஞ்சில் ஏதோ இடறும்.

மிருகம்போல விற்றார் என்று சொன்ன அதே மூச்சில், அதனால் தனக்கு 1000 மார்க்குக்கு மேல் நஷ்டம் என்றும் சொல்கிறார். தனக்கு நேர்ந்த அவமானத்துக்குத் தானே விலை போடுகிறார். இதைக்கூட விட்டுவிடலாம், நஷ்டஈடு கேட்பவர் வேறு எந்த பாஷையில் கேட்பார். ஆனால் இன்னோர் இடத்தில், பணமுடை தாங்காமல் தன் சின்ன மகளை விற்க நேர்ந்ததாக எழுதுகிறார். அவளுடைய திருமண உரிமையைத்தான் சொல்கிறார். வாங்கியிருக்கக்கூடிய விலையைவிட ரொம்பக் குறைச்சலுக்குப் போய்விட்டது என்பது அவர் வருத்தம்.

1449 வாக்கில் ஸ்க்ரூபே மாப்பிள்ளையாகப் பேசப்பட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது, மனைவியை இழந்தவர். பெண் ஜான் பாஸ்டனின் தங்கை எலிசபெத், சுமார் இருபது வயது. அந்த நாட்களில் அவளை வீட்டில் அடைத்துவைத்து, வாரம் ஒருமுறை இருமுறை, சில நாள் ஒரே நாளில் இருமுறை அம்மா அடித்ததையும், தலை இரண்டு மூன்று இடங்களில் உடைந்ததையும் எலிசபெத் கிளியர் என்ற உறவுக்காரப் பெண் ஒரு கடிதத்தில் ஜானுக்கு எழுதினார். படித்துவிட்டு எரித்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். எரிக்கப்படாததால் நமக்குத் தெரிகிறது. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்திலேயே ஒருத்திக்கு இது பொறுக்கவில்லை, அதைப் பயந்து பயந்துதான் சொல்ல முடிந்தது என்பது அந்தக் கடிதத்தில் பதிவாகியிருக்கிறது.

இங்கேதான் என் கேள்வி மாறிப்போகிறது. 'அவர்களுக்குத் தப்பு என்று தெரியுமா' என்று ஆரம்பித்தேன். ஸ்க்ரூபுக்குத் தெரியும், உடம்பிலேயே தெரியும். தெரிந்தும் விற்றார். ஃபாஸ்டால்ஃபிடம் பணம் இருந்தது, அவர் விற்றது ஆசையால். ஸ்க்ரூபிடம் பணம் இல்லை, காரணம் ஃபாஸ்டால்ஃப் அவர் நிலத்தை வைத்திருந்தார். இரண்டுக்கும் ஒரே தண்டனை கிடையாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த வித்தியாசம் நமக்கும் அவர்களுக்கும் முக்கியம். விற்கப்பட்ட சிறுமிக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

பட்டபாடு ஒருவரை நல்லவராக்கிவிடும் என்று நாம் ரொம்ப எளிதாக நம்புகிறோம். அது நடப்பதும் உண்டு. ஆனால் பட்டபாடு பெரும்பாலும் கற்றுத்தருவது, இந்தச் சந்தையில் விற்கக்கூடிய பொருள் எது என்பதைத்தான். அலுவலகத்தில் தன்னை 'ரிசோர்ஸ்' என்று சொன்னதற்குக் கோபப்பட்டவர், மேனேஜர் ஆனதும் 'ரெண்டு ரிசோர்ஸ் எக்ஸ்ட்ரா இருக்கு' என்று போனில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். குழந்தையை விற்பதும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் வார்த்தை கைமாறும் விதம் ஒன்றுதான்.

ஃபாஸ்டால்ஃப் சாகும்போது கெய்ஸ்டரில் துறவிகளுக்கும் ஏழைகளுக்குமாக ஒரு அறநிலையம் அமைக்க ஆசைப்பட்டார். அவர் சொத்துக்காகப் பல வருஷம் வழக்கு நடந்து, கடைசியில் அது ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரியில் ஏழு பாதிரியார்கள், ஏழு ஏழை மாணவர்கள் என்று முடிந்தது. அவர் பெயர் நாடகத்தில் நிற்கிறது, செங்கல் நார்ஃபோக்கில் நிற்கிறது. ஸ்க்ரூபின் மொழிபெயர்ப்புகளும் நிற்கின்றன. அந்தச் சின்ன மகள் ஒரு வரியில் வருகிறாள், அந்த வரியில் அவளுக்குப் பெயர் இல்லை. அடுத்த முறை யாராவது 'அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்' என்றால், யாருக்கு என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.