தீர்ப்பில் எழுதப்படாத தண்டனை

நீதிமன்றம் ஒருவனுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கும்பொழுது அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது எதனை? நடமாடும் உரிமையை, அதனோடு இணைந்த சிலவற்றை. உயிருக்கும் மாண்புக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு சிறை மதிலுக்குள்ளும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை உரைத்துள்ளது. எனில், உள்ளே சென்றவனின் மனம் சிதைந்துபோமாயின் அது எந்தத் தீர்ப்பின்படி விதிக்கப்பட்ட தண்டனை?

மணிமேகலையைக் கற்றோர்க்கு இது புதிய வினாவன்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சோழ மன்னனை வேண்டிப் பெற்றவள் அவள். பின்னர் அவளே அரசியின் காவலில் அகப்பட்டபோது, அவளைப் பித்தேற்றும் பொருட்டு மருந்து ஊட்டப்பட்டது. ஞானம் உடையவளாதலின் அவள் மயங்கவில்லை. நம் காலத்துச் சிறைவாசிகள் மணிமேகலைகள் அல்லர். மருந்து ஊட்டுவாரும் தேவையில்லை. நெரிசலும் தனிமையும் முடிவு தெரியாத வழக்குமே போதும். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூவர், இன்னும் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள்.

ஹஜாரிபாக் சிறையில், மனநோய் நீங்கிய பின்னரும் பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்தோரின் நிலை 1982இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங்கின் கதையோ நெஞ்சை உலுக்குவது. 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் மருத்துவர்கள் அவர் நலமடைந்துவிட்டார் என்றனர். அதன் பின்னும் விடுதலை இல்லை, விசாரணையும் இல்லை. 2005இல் வெளியே வந்தபொழுது காவலில் 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் செய்தது. 2007இல் அவர் மறைந்தார். கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம்மனோர்க்கு இது எவ்வாறு நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது அரிதன்று. எவரும் பகைகொண்டு அவரை அடைத்து வைத்திருக்க வேண்டியதில்லை. கேட்பார் இல்லாத கோப்பு மேலே எழாது, அவ்வளவே.

"உழைத்துண்ணும் ஏழைக்கே மனநல மருத்துவர் எட்டாதிருக்க, குற்றம் புரிந்தவனுக்கு எதற்கு?" என்று நம் நண்பர்கள் வினவுவதுண்டு. ஏழைக்கு எட்டாதது பெருங்குறையே, அதை மறுப்பாரில்லை. ஆயினும் அவன் கடன்பட்டேனும் பேருந்து ஏறி மருத்துவமனை செல்லலாம். சிறைவாசியின் கால்களை அரசு தன் கையில் வாங்கிக்கொண்டது. வாங்கியவர் நடந்துதான் ஆகவேண்டும். 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். மாநிலத்துக்கு ஒன்று போதுமா என்பது வேறு கேள்வி.

விடுதலை நாளன்றோ சிக்கல் இன்னும் பெரிதாகிறது. உள்ளே வேளை தவறாது கிடைத்த மாத்திரை வெளியே நின்றுவிட்டால், அடங்கியிருந்த நோய் மீளும். மருந்துச் சீட்டு சிறைப் பதிவேட்டில் தங்கிவிட, மனிதன் மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். வீட்டார் ஏற்பரோ, ஏலாரோ. வாடகைக்கு இடம் கேட்டால் அவனிடம் இரண்டு பழிகள்: சிறை சென்றவன், சித்தம் கலங்கியவன். அவனை நோயனாக்கியதில் அரசுக்குப் பங்குண்டெனில், வாயிலைத் திறந்துவிட்டதோடு அப்பங்கு தீர்ந்துவிடுமா? தீராது என்பதே நம் துணிபு.

பிறமாநிலத்தில் வாழும் நாம் எண்ண வேண்டியது மற்றொன்றும் உண்டு. எலும்பு முறிந்தவனைப் பேசாமலே சோதித்துவிடலாம். மனநோயாளியைச் சோதிக்கப் பேச்சே கருவி. தமிழன்றி வேறறியாத கூலியாள் ஒருவன் இவ்வூர்ச் சிறையில் அகப்பட்டால், தன் உறக்கமின்மையை, செவியில் ஒலிக்கும் குரல்களை, சாகத் தோன்றும் எண்ணத்தை எம்மொழியில் கூறுவான்? மருத்துவர் வந்தும் பயனில்லை. இரு மொழியும் அறிந்தோர் நம் சங்கத்தில் எத்தனையோ பேர் உள்ளனர். சிறைவாசிகளுக்கும் உதவுவது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பணி. மொழிபெயர்த்துதவ ஆட்கள் உண்டு என்று நம் பெயர்களை அங்கே எழுதிக் கொடுத்தால் என்ன? அடுத்த செயற்குழுவில் இதனைப் பேசலாம்.