கைராசி என்று சொன்னார்கள்

திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலில் மூலவரை ஒரு கல் சாளரம் வழியாகப் பார்க்க வேண்டும். சாளரத்தில் ஒன்பது துளைகள். உடம்பின் ஒன்பது வாசல்களைக் குறிப்பவை என்று அர்த்தம் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அந்த ஒன்பது வாசல்களில் ஏழு புலன்களுக்கு உரியவை: கண் இரண்டு, காது இரண்டு, மூக்கு இரண்டு, வாய் ஒன்று. உள்ளே லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஐம்பூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. 1947-ல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை அந்த நீரைப் போய்ப் பார்க்கிற உரிமை எங்கள் சனத்துக்குக் கிடையாது. ஒன்பது துளையும் அடைப்பு. கோயில் நுழைவு பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் பேச நினைப்பது அந்த ஏழு வாசல்களைப் பற்றி. சாளரத்தில் ஒரு துளைகூட ஒதுக்கப்படாத தோலைப் பற்றியும்தான்.

கார்ல் யுங் என்ற சுவிஸ் மனமருத்துவர் 1921-ல் 'உளவியல் வகைகள்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். மனிதர்கள் உலகத்தை எதிர்கொள்வதற்குச் சிந்தனை, உணர்ச்சி, புலனுணர்வு, உள்ளுணர்வு என்று நான்கு வழிகள். ஒவ்வொன்றும் வெளிநோக்கியோ உள்நோக்கியோ இருக்கும். ஆக எட்டு வகை. அதில் ஒன்று வெளிநோக்கிய புலனுணர்வு. எதிரே இருக்கிற பொருள், அதன் நிறம், சூடு, வாசனை, ஓசை, இப்போது இந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதிலேயே மனம் முழுக்க நிற்பது. பின்னால் அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் இதைக் கேள்வித்தாளாக்கினார்கள். அந்தச் சோதனை 1962-ல் அச்சாகி இன்று நம்மூர்க் கல்லூரி வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஆளுக்குச் சில வாரம் கழித்து மறுபடி வைத்தால் வேறு வகை வருகிறது என்று உளவியல்காரர்களே குறை சொல்கிறார்கள். அது அவர்கள் பாடு. எனக்கு இதில் வேறு தகராறு.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகிற பிள்ளை ஒன்று. அப்பா லோடுமேன். வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் இந்தச் சோதனையை வைத்திருக்கிறார்கள். "அக்கா, நான் வெளிநோக்கிய புலன் வகையாம். உக்காந்து யோசிக்கிற வேலையெல்லாம் சரிப்படாதாம். பீல்டு வேலைக்கு எழுதிப் போடுன்னு சொல்லிட்டாங்க" என்று வந்து நின்றாள். யுங் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் நம் நாட்டில் எந்தச் சரக்கு இறங்கினாலும் தலைக்கு ஒரு கூட்டம், கால் கைக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துத்தான் விநியோகம் நடக்கும். பழைய கள், புது மொந்தை. புலன் உள்ளவனுக்கு அறிவு குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? கேள்வி இதுதான்.

எங்க அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கொள்ளிடக் கரையோரம் நடவு, களை, அறுப்பு என்றே ஆயுசு போனது. வயலில் காலை வைத்ததும் சேறு புளித்துவிட்டதா என்று உள்ளங்கால் அதற்குச் சொல்லிவிடும். களத்தில் காயும் நெல்லை அள்ளி நாலு மணியை முன்பல்லில் வைத்துக் கடிக்கும். 'நறுக்'கென்று முறிந்தால் மூட்டை கட்டலாம். நசுங்கி ஒட்டினால், "இன்னொரு வெயில் காட்டுங்கய்யா" என்று சொல்லும். இன்றைக்கு அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று வரம்பு வைத்து, கருவியில் நெல்லைப் போட்டு எண் பார்க்கிறார்கள். கருவி சொன்னால் அறிவியல். அப்பாயி பல் சொன்னால்? பண்ணையார் வீட்டில் அதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள்: "அவளுக்குக் கைராசி." ராசி என்றால் தானாக வந்தது, யாரோ கொடுத்தது. ஐம்பது வருசம் சேற்றில் நின்று படித்த படிப்பு அந்த ஒற்றைச் சொல்லில் காணாமல் போய்விட்டது. கைராசி உள்ளவளுக்குச் சோறு போட்டால் போதும். படித்தவனுக்குத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும்.

அதே திருவானைக்காவலில், தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சி.வி. ராமன். யுங்கின் நூல் வெளியான அதே 1921-ல் அவர் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' என்ற கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். பெரிய மனிதர் சொன்னதாயிற்றே என்று ராமன் விட்டுவிடவில்லை. கையிலிருந்த நிக்கல் பட்டகத்தை வைத்துப் பிரதிபலித்த ஒளியை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அந்தப் பார்வை வளர்ந்து வளர்ந்துதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. எதிரே இருப்பதை நம்பிய கண். அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வகுப்பறையில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அது.

ஆனால் ராமன் செய்த இன்னொரு வேலை நம் தெருவைத் தொடுகிறது. 1920-ல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் மிருதங்கம், தபலா பற்றி ஒரு குறிப்பு எழுதினார். இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் அதன் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையாது. கணக்குக்கு வராத இரைச்சல் அது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாக வைக்கிற கரணை அந்தத் தோலின் கனத்தை மாற்றி, மேலொலிகளை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தந்தி வாத்தியம்போல் தோல் சுருதி பேசுகிறது. இதை ராமன் அளந்து காட்டினார். அருமையான வேலை.

கரணையை வைத்தது யார்? கிட்டான் கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, மெலிசாக ஒரு பூச்சு வைத்து, கல்லால் தேய்த்து, தட்டிப் பார்த்து, காதை வைத்து, மறுபடி ஒரு பூச்சு. எத்தனை பூச்சு என்று ஏட்டில் கிடையாது, காது நிறுத்தச் சொல்லும்போது நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் தோல். மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல். எது வலந்தலைக்கு, எது தொப்பிக்கு, எது வாருக்கு என்று விரலால் தடவிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலும் சென்னையிலும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் தலித் கிறித்தவர்கள். ராமன் 1922-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'பண்டைய இந்துக்களின் ஒலியியல் அறிவு'. அறிவு என்று ஒத்துக்கொண்டாயிற்று, சந்தோசம். அதன் சொந்தக்காரர் பெயர்தான் மாறிவிட்டது. உயிரோடு தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் காதுக்கு உரிய மரியாதை, செத்துப்போன, முகம் தெரியாத 'பண்டையவருக்கு'ப் போனது. நூறு வருசம் கழித்து டி.எம். கிருஷ்ணா அந்தத் தொழிலாளிகளின் பெயர்களோடு 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020-ல் புத்தகம் போட்டார். வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மிருதங்கத்தின் நாதம் சபாவுக்கு வரலாம், மாட்டின் சாவு வரக்கூடாது!

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, 'ஆகா, நம் சனங்கள்தான் புலன்களின் மக்கள், மண்ணின் மைந்தர்கள்' என்று பாட்டுக் கட்ட நான் தயாரில்லை. அந்தப் புகழ்ச்சியும் ஒரு பொறிதான். ஏனென்றால் நம் புலன்கள் கூர்மையானதற்கு உழைப்பு மட்டும் காரணமில்லை, பயமும் காரணம்.

ஊர்த்தெருவுக்குள் நடக்கிற ஒரு சேரிப்பெண்ணைக் கவனியுங்கள். திண்ணையில் யார், எத்தனை பேர், பேச்சு ஏன் நின்றது, பின்னால் வரும் வண்டி வேகம் குறைக்கிறதா, டீக்கடைக்காரர் கை எந்தக் கிளாசுக்குப் போகிறது. ஒரு நொடியில் அத்தனையும் அவள் கண்ணில் காதில் பதிந்துவிடும். புதிதாய் அறிமுகமாகிறவர் "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்கும்போது குரல் எந்த இடத்தில் இறங்குகிறது என்று நமக்குத் தெரியும். தோளில் கை போட்டு அன்பாகத் தடவுகிறவர் பூணூலைத் தேடுகிறார் என்பதும் தெரியும். யுங் வருணித்த ஆளும் இதேபோல் கணத்தில் வாழ்கிறவர்தான். ஆனால் அவர் நல்ல சாப்பாடு, நல்ல உடுப்பு, நல்ல சகவாசம் என்று உலகத்தை ருசித்து வாழ்கிறவர். நாம் இருப்பது காவல் வேலையில். சம்பளமில்லாத, ஓய்வில்லாத காவல். கேள்வித்தாளில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் விழும்.

ருசித்து வாழக்கூடாது என்பதற்குச் சட்டமே போட்டார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகளை விதித்ததை ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்க வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மூடக்கூடாது. பூவும் குங்குமப்பூச் சாந்தும் கூடாது. வெயிலுக்குக் குடை கூடாது, காலுக்குச் செருப்பு கூடாது. இதை ஏதோ அந்தஸ்துச் சண்டை என்று மட்டும் படிப்பது போதாது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்: தோலில் துணியின் மெத்து, தலையில் பூவின் வாசனை, உச்சியில் நிழல், உள்ளங்காலுக்கு ஒரு தடுப்பு. வெயிலும் முள்ளும் தெரிய வேண்டும், மல்லிகை தெரியக்கூடாது. நம் உடம்பு எதை உணரலாம் எதை உணரக்கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் கூலிங்கிளாஸ் போட்டு பைக்கில் போகிற நம் பையனைப் பார்த்து எரிகிற கண், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எரிகிறது.

இன்னொரு பக்கம் மூக்கு. சாக்கடைக்குழியில் இறக்கப்படுகிறவருக்கு அழுகிய முட்டை நாற்றம் ஓர் எச்சரிக்கை. ஐதரசன் சல்பைடு வாயு காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று ஆள் இன்னும் கீழே இறங்குவார். மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-லும் வந்தது, 2013-லும் வந்தது. சாவுக்கு 10 லட்சம் என்று 2014-லும் 30 லட்சம் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே எவ்வளவு கூர்மையான மூக்கும் ஆளைக் காப்பாற்றாது. 'அவங்களுக்குப் பழகிப்போச்சு' என்று மேலே நிற்கிறவர் சொல்வார். மரத்துப்போவதற்கு அவர் வைத்திருக்கிற பெயர் பழக்கம்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் ஞாபகம் வரும். மரபியல் உயிர்களை அறிவின்படி அடுக்கும்போது முதல் அறிவாக வைப்பது தொடு உணர்வை. அதற்கப்புறம்தான் நாக்கு, மூக்கு, கண், காது. மனம் ஆறாவது. புல்லுக்கும் மரத்துக்கும் உண்டென்று இலக்கணம் ஒத்துக்கொண்ட அந்த முதல் அறிவைத்தான் தீண்டாமை நம்மிடமிருந்து பறித்தது. அதைவிட, தீட்டுப் பார்க்கிறவன் தன்னிடமிருந்தும் அதை வெட்டிக்கொண்டான். பக்கத்தில் நிற்கிற மனிதனின் கை சூடா குளிரா என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. இதற்காக அவன்மேல் இரக்கப்படச் சொல்கிறீர்களா? எனக்கு வரவில்லை.

திருவானைக்காவலுக்குப் பக்கத்தில், அதே தீவில்தான் ஸ்ரீரங்கம். உறையூரில் பாணர் வீட்டில் வளர்ந்த திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனை நினைத்துப் பாடிக்கொண்டிருந்தாராம். அபிஷேகத்துக்கு நீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகு என்று கூவியும் அவர் காதில் விழவில்லை. கல் எறிந்தார், நெற்றியில் ரத்தம். எல்லோரும் இதைப் பக்தியின் பரவசம் என்று வாசிக்கிறார்கள். நான் வாசிப்பது வேறு. ஒரு பாணர் அன்றைக்கு ஒரு சில நிமிடம் காவல் வேலையை விட்டுவிட்டார். பின்னால் வருகிற காலடியைக் கேட்கத் தவறினார். கல் விழுந்தது. பிறகு அரங்கன் கட்டளைப்படி அந்த முனிவரே தோளில் தூக்கிப்போனாராம். உள்ளே போனவர் பாடிய பத்துப் பாட்டு 'அமலனாதிபிரான்'. வேதாந்தம் பேசாமல், பாதத்தில் தொடங்கி, ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என்று நிதானமாக மேலே ஏறுகிறது பார்வை. கண் திறந்து பார்க்கிற ஒருத்தர் பாட்டு அது. பத்தாவது பாட்டோடு அவர் அங்கேயே கலந்துவிட்டார் என்று கதையை முடித்துவிடுகிறார்கள். சிதம்பரத்தில் நந்தனாருக்கும் இதே முடிவு, நெருப்பில். பார்த்துவிட்டு வெளியே வந்து, பார்த்ததைத் தன் தெருவில் சொன்ன நம்மாள் ஒருத்தரையும் இந்தக் கதைகள் விட்டுவைக்கவில்லை.

மறுபடி திருவானைக்காவல் தலபுராணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புலன் பற்றிய ஒரு விசயம் அங்கே இருக்கிறது. வெண்ணாவல் மரத்தடியில் லிங்கம். மேலே சருகு விழக்கூடாதென்று சிலந்தி வலை பின்னுகிறது. தும்பிக்கையில் நீர் கொண்டுவந்து ஊற்றுகிற யானை, அந்த வலையை அழுக்கென்று நினைத்துப் பிய்த்தெறிகிறது. தினமும் இதே கூத்து. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் சாகின்றன. சிலந்தி கோச்செங்கட்சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்பார்கள். யானைக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. இழை தெரிந்தது, ஒட்டுவது தெரிந்தது. இதைச் செய்தது யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே அழுக்கு என்ற தீர்ப்பு கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது.

மகாத் ஊர்க் குளத்தில் நடந்ததும் இதுதான். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் சவுதார் குளத்தில் இறங்கி, கையால் அள்ளிக் குடித்தார். மாடு குடித்த குளம், மற்ற மதத்தார் அள்ளிய குளம், அதுவரை சுத்தமாகத்தான் இருந்தது. நம் கை பட்டதும் தீட்டாகிவிட்டது. சாதி இந்துக்கள் 108 மண்குடங்களில் பாலும் தயிரும் மாட்டுச் சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்தில் கொட்டினார்கள். பிறகு அந்தத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்றார்கள்.