இரவல் வானம்

1857-இல் குஸ்தாவ் லெ க்ரே என்ற பிரெஞ்சுக்காரர் தென் பிரான்சின் செத் துறைமுகத்தில் கடலைப் படமெடுத்தார். கீழே அலை சீறி எழுகிறது. மேலே கனத்த மேகக் கூட்டம். இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அந்தக் காலத்தில் அது அதிசயந்தான். கொலோடியன் பூசிய அன்றைய ஈரக் கண்ணாடித் தகடு, நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கடல் பதிகிற வரையில் காத்திருந்தால் வானம் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். மேகத்துக்காக அவசரப்பட்டால் கடல் மசியாகிவிடும். லெ க்ரே வானத்துக்கு ஒரு தகடும் கடலுக்கு ஒரு தகடுமாக எடுத்து, அச்சிடும்போது தொடுவானத்தில் இரண்டையும் இணைத்துவிட்டார்.

இது பொய்யா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடற்கரையில் நிற்கிற நம் கண் என்ன செய்கிறது? வானத்தைப் பார்க்கையில் கண்மணி சுருங்குகிறது; நிழலைப் பார்க்கையில் விரிகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக வைத்துக்கொள்வது மனம். அந்த வெள்ளை வானத்தை எந்த மனிதனும் கண்டதில்லையே!

ஆனால் லெ க்ரே ஒரே மேகத் தகட்டை வெவ்வேறு கடல்களுக்கும் பொருத்தியிருக்கிறார். இங்கேதான் எனக்கு நெருடுகிறது. ஒரே பொழுதின் இரண்டு தகடுகள் சேர்ந்தால் ஒரு சாட்சியம் முழுமையாகிறது. என்றோ மிதந்த மேகம் வேறொரு நாளின் அலைக்குச் சாட்சி சொல்ல வந்தால்?

'நாவல் எழுதுகிறவர் கேட்கிற கேள்வியா இது?' என்பீர்கள். வாஸ்தவம். ஒருவருடைய நடையையும் இன்னொருவருடைய கோபத்தையும் ஒட்டித்தான் நானும் பாத்திரங்களைப் படைக்கிறேன். ஆனால் என் புத்தகத்தின் முகப்பிலேயே 'நாவல்' என்று அச்சிட்டிருக்கிறது. புகைப்படமோ, 'இது நடந்தது' என்று சத்தியம் செய்துகொண்டல்லவா பிறக்கிறது?

இன்றைய கைபேசி, கண் இமைக்கிற நேரத்தில் பல படங்களைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தையும் அறை இருட்டையும் சமன்செய்து ஒன்றாக்கித் தந்துவிடுகிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. வானத்தையே மாற்றித் தருகிற வித்தையும் வந்துவிட்டது. மழையில் நடந்த கல்யாணத்துக்கு நீல வானம் இரவல் கிடைக்கும். பிற்பாடு ஆல்பத்தைப் புரட்டுகிற பேரன், அன்று நல்ல வெயில் என்றே நம்புவான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்கும் சமையற்கட்டுக்குமாக ஓடிய சித்தப்பா மட்டும் ஏன் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறார் என்பது அவனுக்கு விளங்காது.