காப்பவர் பாதம்

புரட்டாசியில் சென்னையிலிருந்து திருமலைக்குத் திருக்குடைகள் புறப்படும் நாட்களில், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று நீளும் திருவள்ளூர் நெடுஞ்சாலை, நடப்பவர்களின் சாலையாகிவிடுகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணிக்குப் போகிறவர்களும் இந்த வழியே நடக்கிறார்கள். 365 படிகளும் ஒரு மலையும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. அதற்கு முன்னால் இந்தத் தார்ச்சாலை இருக்கிறது; வெயில் இருக்கிறது; ஊருக்கு ஊர் பந்தலும் இருக்கிறது. நம்மில் பலர் அந்தப் பந்தல்களில் மோர் வாங்கிக் குடித்திருக்கிறோம். சிலர் ஊற்றியும் கொடுத்திருக்கிறோம்.

குடைகள் கடந்து, மேளச்சத்தம் அடுத்த ஊரை எட்டிய பிறகு, பந்தலில் நான்கைந்து பேர் மிஞ்சுகிறார்கள். எச்சில் இலைகளை வாருகிறார்கள். அண்டாவின் அடியில் பிடித்ததைச் சுரண்டுகிறார்கள். கூட்டத்தைத் தவறவிட்டுக் கால் வீங்கிப் பின்தங்கி வரும் யாரோ ஒருவருக்காகப் பானையைக் கழுவி மறுபடி நிரப்பி வைக்கிறார்கள். அவர்களைப் பார்க்க அப்போது அங்கே யாரும் இல்லை. நம் சிந்தனை தொடங்கவேண்டிய இடம் அந்தக் கைகள்தாம்.

சித்திரையில் திறக்கும் தண்ணீர்ப் பந்தலையும் நாம் அறிவோம். திறந்த அன்று மாலை, வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணி, புகைப்படம். அந்த மகிழ்ச்சி பொய்யல்ல. ஆனால் கத்திரி வெயில் ஏறும் நாளில், கூட்டம் கலைந்துபோன அதே பந்தலில், பானை நிரம்பியிருக்கிறதா? தொடங்குவதில் நமக்கு இருக்கும் உவகை தொடர்வதில் ஏன் இருப்பதில்லை? தொடக்கத்துக்கு ஒரு நாளும் ஒரு பெயரும் உண்டு. தொடர்தலுக்கு இரண்டும் இல்லை. செம்மையாகச் செய்த பராமரிப்பு கண்ணுக்கே தெரியாது. ஒழுகாத கூரையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

பழைய வழிநடைப் பாதைகளில் நம் முன்னோர் சுமைதாங்கிக் கற்களை நட்டார்கள். நட்டுவைத்த இரண்டு கற்கள். அவற்றின் மேல் குறுக்கே ஒன்று. தலைச்சுமையோடு தனியே வருபவர், பிறர் கைகொடுக்காமலே இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக, முகம் தெரியாத எத்தனையோ பேரின் சுமைகளை அந்தக் கல் வாங்கிக்கொள்கிறது. நட்டவர் போன பின்னும், பெயர்கள் மறந்த பின்னும் அது தாங்குகிறது. இதைக் கல்லில் நிற்கும் அறம் என்று சொல்வோம்.

பானைத் தண்ணீர் அப்படி நிற்பதில்லை. விளக்குச் சுடரும், வேய்ந்த கூரையும், அடுப்பு நெருப்பும் நிற்பதில்லை. அவை ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து தொட்டால்தான் மறுநாளைப் பார்க்கும். அவை கையில் நிற்கும் அறங்கள்.

கையில் நிற்கும் அறம் கடல் கடந்தும் உண்டு. ஸ்காட்லாந்தின் மலைகளில், ஆளரவமற்ற இடங்களில், மேய்ப்பர்களும் பண்ணையாட்களும் விட்டுப்போன கல்வீடுகள் உண்டு. அவற்றைச் செப்பனிட்டுக் காக்க, மலைநடையில் பற்றுள்ளவர்கள் 1965-இல் மவுண்டன் பாத்தீஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏறத்தாழ 100 குடில்களை இன்று தொண்டர்கள் பேணுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அவர்களுக்குச் சொந்தமல்ல. பூட்டு இல்லை, வாடகை இல்லை, காவலர் இல்லை. பலகையையும் கருவிகளையும் மலைமேல் சுமந்துபோய்க் கூரையைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தங்கிய ஒவ்வொருவரும் இடத்தைத் துப்புரவாக்கி, காய்ந்த சுள்ளிகளை வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது அங்குள்ள நெறி.

மழையில் நனைந்து, இருட்டில் தடவித் தடவி அந்தக் கதவைத் திறக்கும் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவர் கையில் கிடைக்கும் உலர்ந்த சுள்ளியை வைத்தவர் யார்? அவருக்குத் தெரியாது. சந்திக்கப் போவதுமில்லை. காலையில் இன்னொரு கட்டுச் சுள்ளியைச் சேர்த்து வைத்துவிட்டுப் போவது ஒன்றே அவர் செலுத்தக்கூடிய நன்றி. தந்தவரிடம் திரும்பிப் போக வழியற்ற நன்றி, இனி வரப்போகிறவரைத் தேடிப் போகிறது. ஆவடிப் பந்தலில் நிரம்பிய பானையும் அந்த மலைக்குடிலின் சுள்ளியும் ஒரே மொழியைத்தான் பேசுகின்றன.

அந்த மொழியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. அம்பத்தூர் ஏரியும், ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியும், பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கமும் நிறைந்த மண் இது. ஊரே கூடிக் கரையைப் பலப்படுத்தி, வாய்க்காலைத் தூர்வாரிய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அந்தக் கைகள் விலகியபோது ஏரி ஒரே நாளில் மறையவில்லை. முதலில் மதகு மறந்துபோனது, பிறகு வாய்க்கால், பிறகு அங்கே நீர் ஓடியது என்ற நினைவு. நம் காலத்து அழிவுகள் பலவும் யாரும் இடித்ததால் வந்தவையல்ல. யாரும் போய்ப் பார்க்காததால் வந்தவை.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் உட்பட, தமிழகக் கோயில்கள் பலவற்றின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அணையா விளக்கு ஒன்று எரிய 96 ஆடுகளைக் கொடையளிப்பது அக்கால வழக்கம். அவற்றுக்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய். கொடை நிலைக்கவேண்டிய காலமோ சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. ஆடு சாகாதா, மூப்படையாதா? கிழடானதையும் இறந்ததையும் புதிய குட்டிகளால் ஈடுசெய்து, எண்ணிக்கை குறையாமல் காக்கும் ஒருவர் இருக்கும்வரை சாகாது. நிலைபேறு என்பது பொருளுக்குள் உறையும் குணமல்ல; மடிந்துகொண்டே இருக்கும் பொருளை மடியவிடாமல், தாமும் மடியப்போகிற மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏந்திச் செல்லும் செயலுக்குத்தான் அந்தப் பெயர்.

இதை அந்தக் கொடையாளர்கள் அறிந்திருந்தார்கள். தாங்கள் தந்தது கையில் நிற்கும் அறம் என்பதும், அந்தக் கை யாருடையது என்று தங்கள் ஆயுளில் தெரியப்போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கல்வெட்டின் முடிவில், பல இடங்களில் ஒரே விதமாக, ஒன்றைப் பொறித்து வைத்தார்கள்: இந்தத் தருமத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல். கட்டியவர், ஊரும் பேரும் உள்ளவர், சில வேளைகளில் நாடாண்டவர், நூற்றாண்டுகள் கழித்து வரப்போகிற ஒரு பெயரில்லாதவரின் பாதத்தை இன்றே தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். ஏனென்றால், படைத்தவரின் செயல் ஒரு நாளோடு முடிந்துவிட, அதை ஒவ்வொரு விடியலிலும் புதிதாகப் படைக்கிறவர் காப்பவரே என்பதையும், தமக்கென்று எதுவும் இல்லாத இடத்தில் தம் உழைப்பை இடுகிற அந்த மனிதரால்தான் ஊர், உலகம், தலைமுறை என்று நாம் சொல்லும் தொடர்ச்சி அறுபடாமல் இருக்கிறது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

குடைகள் போய்விட்ட சாலையோரத்தில், பானையைக் கழுவி நிரப்பி மூடிவைத்துவிட்டு ஒருவர் வீட்டுக்கு நடக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல் வணங்கியது அவருடைய பாதத்தைத்தான்.