பதிலாளும் அமானிதமும்

நிரந்தர நியமனம் பெற்ற ஒருவர் அதைத் தாமாகவே விட்டு விலகினால், அந்தச் செய்தி எமது ஊர்களில் மௌத்துச் செய்தியின் வேகத்தில் பரவும். காரணம் கேட்பவர்களை விட அனுதாபம் தெரிவிப்பவர்களே அதிகம். கல்வியால் அடையக்கூடிய பெரிய பேறு மாத முடிவில் வரும் சம்பளமும் அறுபதுக்குப் பின் வரும் பென்சனும்தான் என்று பல தலைமுறைகளாக நம்பி வந்த சமூகம் இது. வயலும் வியாபாரமும் கைவிட்ட காலங்களிலும், யுத்தம் மனிதர்களை ஊர் பெயர்த்த காலங்களிலும், அந்தச் சம்பளமே பல குடும்பங்களைத் தாங்கி நின்றது. எனவே அந்த நம்பிக்கையை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. ஆனால், அதற்கு நாம் மார்க்கச் சாயமும் பூசி வைத்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் இங்கு யோசிக்க விரும்புகிறேன்.

என்னை யோசிக்க வைத்தவர் ஒரு கால்நடை வைத்தியர். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் என்னிடம் தமிழ் படித்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கிழக்கு மாகாணத்தின் கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடங்கள் கடமையாற்றினார். 2023இல் இராஜினாமாச் செய்தார். இப்போது 'லோக்கம்' வேலை பார்க்கிறார். அதாவது, கொழும்பிலும் கண்டியிலும் உள்ள தனியார் கிளினிக்குகளின் வைத்தியர்கள் லீவில் செல்லும் நாட்களில் அவர்களுடைய கதிரையில் இவர் அமர்வார். இடையிடையே பால் பண்ணைகளுக்கும் செல்வார். சம்பளம் நாட்கணக்கில். வேலை இல்லாத நாளில் வருமானமும் இல்லை.

ஊர் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தது. "அல்லாஹ் குடுத்த றிஸ்க்கக் காலால உதைக்கிறான்" என்றார் அவருடைய வாப்பா. பள்ளிவாசல் திண்ணையில் இருந்த சில இளைஞர்கள் அதற்கு நேர்மாறாக, "இதுதான் தவக்குல்" என்றார்கள். ஒரு பக்கம் நன்றிகேடு, மறுபக்கம் இறைநம்பிக்கை. இரண்டு தீர்ப்புகளுமே உத்தியோகம் பார்ப்பவரை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டவை. அவரால் வைத்தியம் பெறும் மாட்டை இரு தரப்பாருமே பார்க்கவில்லை.

முதலில் மார்க்கத்தின் பக்கத்தைப் பார்ப்போம். பிக்ஹு நூல்கள் கூலிக்கு உழைப்பவரை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒருவர் 'அஜீர் காஸ்'. குறித்த காலத்துக்குத் தம்மை ஒருவரிடமே ஒப்படைத்தவர். தம்மை ஒப்படைத்து ஆயத்தமாக நின்றாலே அவருக்குக் கூலி உண்டு. மற்றவர் 'அஜீர் முஷ்தரக்'. தையற்காரரைப் போல, சாயம் போடுபவரைப் போல, பலருக்கும் வேலை செய்து, முடித்த வேலைக்குக் கூலி பெறுபவர். நாட்சம்பளத்துக்குப் போகும் லோக்கம் வைத்தியர் அந்த ஒரு நாளுக்கு அஜீர் காஸ். தனித்தனியாக மாடு பார்க்கப் போகும்போது அஜீர் முஷ்தரக். இந்த இருவரில் ஒருவர் மற்றவரை விட அல்லாஹ்விடம் உயர்ந்தவர் என்று எந்த நூலும் கூறவில்லை. கால்நடை வைத்தியரை அந்நூல்கள் 'பைதார்' என்ற பெயரில், மனித வைத்தியருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசுகின்றன. தொழில் தெரிந்தவராக இருந்து, அனுமதியோடு, எல்லை மீறாமல் வைத்தியம் செய்தால் ஏற்படும் சேதத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர் என்று சட்டம் சொல்கின்றன. அவரிடம் அவை கேட்பது திறமையையும் நேர்மையையும். நியமனக் கடிதத்தை அல்ல.

நபி மூஸா (அலை) அவர்களின் சரிதையை இந்தக் கண்ணோடு மீண்டும் வாசித்துப் பாருங்கள். மத்யன் நகரின் நீர்நிலையில் இரண்டு பெண்கள் தமது ஆடுகளைத் தடுத்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். ஊரை விட்டு ஓடிவந்த, வேலையற்ற, பசித்த அந்த மனிதர் எந்தக் கூலியும் பேசாமல் அவற்றுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு நிழலில் போய் ஒதுங்குகிறார். அதன் பிறகுதான் அழைப்பு வருகிறது. கூலிக்கு அமர்த்தத் தக்கவரின் இலக்கணமாக அப்பெண்களில் ஒருவர் தந்தையிடம் கூறுவது பலம், நம்பிக்கை ஆகிய இரண்டையும் மட்டுமே. அதன் பின்னர் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையும் நிரந்தரமானதல்ல. எட்டு வருடங்கள், விரும்பினால் பத்து. ஒரு நபியின் உத்தியோகமே தவணை குறித்த உத்தியோகமாக இருந்திருக்கிறது. எமது நாயகம் (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீறாத்துகளுக்கு மேய்த்ததாகப் புகாரியில் ஹதீஸ் உண்டு. ஆக, நிரந்தர நியமனத்தை விட்டவர் றிஸ்க்கை உதைத்தவராகிவிடமாட்டார். றிஸ்க் ஒரு வழியால் மட்டும் வருவதல்ல.

ஆனால் பிரச்சினை இங்கு முடியவில்லை. இங்குதான் தொடங்குகிறது.

நோயாளியான மனிதன் தன் ஞாபகத்தைத் தானே சுமந்து செல்கிறான். புதிய வைத்தியரிடம், "போன முறை தந்த குளிசைக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு" என்று சொல்ல அவனுக்கு வாயுண்டு. மாட்டுக்கு அது இல்லை. மாட்டுக்காகப் பேசுபவர் மாட்டின் சொந்தக்காரர். அவருடைய நலனும் மாட்டின் நலனும் எப்போதும் ஒன்றல்ல. மடியழற்சி வந்த பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் அன்டிபயோட்டிக் ஏற்றுகிறார். குறித்த நாட்கள் வரை மருந்து தொடர வேண்டும். மருந்து முடிந்த பின்னரும் சில நாட்களுக்கு அந்தப் பாலை விற்கக் கூடாது. ஆனால் இரண்டாம் நாளே மடியின் வீக்கம் வற்றிவிடும். பால் ஊற்றினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவர் மூன்றாம் நாள் என்ன செய்வார்? முதல் நாள் வந்த வைத்தியர் மூன்றாம் நாளும் வந்தால் ஒரு விடை; வராவிட்டால் வேறு விடை. மருந்து கலந்த பாலைக் குடிக்கும் குழந்தைக்கும், அரைகுறை மருந்தோடு நோய் மீளும் பசுவுக்கும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தில்லை.

தடுப்பூசியும் அப்படித்தான். கால் வாய் நோய்க்கு ஏற்றிய ஊசியின் பாதுகாப்பு சில மாதங்களில் குறைந்துவிடும். மீண்டும் ஏற்ற வேண்டும். தூரத்து மேய்ச்சல் தரையில் நூற்றுக்கணக்கான மாடுகளை விட்டிருக்கும் பட்டிக்காரர் அவற்றைச் சாய்த்துக்கொண்டு வந்து பட்டியில் அடைப்பது இலேசான காரியமல்ல. அறிமுகமான வைத்தியர் சொன்னால் அடைப்பார். வாயற்ற பிராணிகள் விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு நபிகளார் (ஸல்) எச்சரித்ததை அபூதாவூதில் வாசிக்கிறோம். பட்டினி போட்டு வேலை வாங்கப்பட்ட ஒட்டகம் அவர்களிடம் முறையிட்ட சம்பவமும் அங்கேயே உண்டு. இன்று அந்த முறைப்பாட்டைக் கேட்கக்கூடிய காது வைத்தியருடையது. அந்தக் காது நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தால் முறைப்பாடு யாரிடம் போய்ச் சேரும்? லோக்கத்தில் இழக்கப்படுவது இந்த இரண்டாவது வருகைதான்.

அப்படியானால் நிரந்தர உத்தியோகத்தர் இருக்கும் இடத்தில் அந்த இரண்டாவது வருகை நடக்கிறதா? என் மாணவரிடம் இதைக் கேட்டேன். "சேர், ஒம்பது வருஷத்துல நான் மாட்டத் தொட்டதை விட பைலத் தொட்டதுதான் கூட" என்றார். செயற்கை முறைச் சினைப்படுத்தலின் கணக்கு, மானிய விண்ணப்பங்கள், மாடு ஏற்றிச் செல்வதற்கான சுகாதாரச் சான்றிதழ்கள், கூட்டங்கள், கூட்டங்களுக்கான அறிக்கைகள். 2022 டிசம்பரில் வீசிய கடுங்குளிரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. அந்த நாட்களில் செத்த மாடுகளை எண்ணி எழுதும் வேலையே தமக்குப் பெரும் வேலையாக இருந்தது என்றும், உயிரோடிருந்த மாடுகளிடம் போக நேரம் போதவில்லை என்றும் அவர் சொன்னபோது குரல் தாழ்ந்துவிட்டது. ஆகவே நாம் ஒன்றாக எண்ணி வரும் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிரந்தரப் பதவி என்பது உத்தியோகத்தருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. நிரந்தரப் பொறுப்பு என்பது மாட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. முன்னையது இருந்தும் பின்னையது இல்லாமற் போகலாம்.

இந்த நிலை எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. லோக்கம் முறை நன்றாக வேரூன்றிய பிரித்தானியாவில், 2013இல் கால்நடை வைத்திய நிலையங்களில் பத்தில் ஒரு பங்களவே பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. 2024இல் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அந்நாட்டு அதிகார சபை ஆராய்ந்தபோது அது சுமார் 60 சதவீதமாகியிருந்தது. இங்கு பைல் என்றால் அங்கு இலாபக் கணக்கு. அப்படிப்பட்ட நிலையத்தில் நிரந்தரமாக இருப்பவர் யாருக்கு நிரந்தரமானவர் என்ற கேள்வி எழத்தான் செய்யும். தம் நேரத்தையேனும் தம் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று லோக்கத்துக்குப் போகிறவரைக் குறை கூறுவது கடினம்.

லோக்கம் என்பது இலத்தீன் சொற்றொடரின் பாதி. முழுப் பொருள், 'இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர்'. எமது தமிழில் அதற்கு நல்ல சொல் உண்டு: பதிலாள். 'பதில்' என்ற சொல் அரபியின் 'பதல்' என்பதோடு உறவுடையது. பதல் ஹஜ்ஜை அறியாதவர் எம்மில் இல்லை. பிறருக்காக ஹஜ்ஜுச் செய்யப் போகிறவருக்கு ஷாபிஈ மத்ஹபு விதிக்கும் நிபந்தனை, முதலில் அவர் தமது ஹஜ்ஜை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்பது. அவர் இஹ்ராம் கட்டும்போது மற்றவரின் பேரில் நிய்யத்து வைக்கிறார். பதிலாள்தானே என்று தவாபில் ஒரு சுற்றைக் குறைக்க அவருக்கு அனுமதியில்லை.

இதே நிபந்தனைகளை லோக்கம் வைத்தியருக்கும் பொருத்தலாம் என்று நினைக்கிறேன். தாம் ஓரிடத்தில் நிலைத்து நின்று, தமது பிழைப்பும் சரியும் காலப்போக்கில் என்னவாயின என்று கண்டவராக இருக்க வேண்டும். பட்டம் பெற்ற மறுநாளே பதிலாளாகப் போவது தமது ஹஜ்ஜை முடிக்காமல் பிறர் ஹஜ்ஜுக்குப் போவது போன்றது. அடுத்து, அன்றைய நோயாளியைத் திரும்பி வரப்போகிற வைத்தியரின் அமானிதமாகக் கருதி, என்ன கண்டார், என்ன கொடுத்தார், எதைப் பற்றிச் சந்தேகம் என்று தெளிவாக எழுதி வைக்க வேண்டும். வாயற்ற பிராணிக்கு அந்தக் குறிப்பே வாய். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கால்நடை வைத்தியர் தனி மனிதராகவே பதிவு பெறுகிறார். பதவியை விட்டாலும் அந்தப் பதிவு அவரோடு போகிறது. பொறுப்பும் அப்படியே.

இவ்வளவும் அவரைப் பற்றியது. எம்மைப் பற்றியும் ஒன்று உண்டு. 2022இல் பொருளாதாரம் வீழ்ந்த வேளையில், அரச ஊழியர்கள் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற லீவில் செல்லலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. பென்சனும் பதவி மூப்பும் பாதிக்கப்படா. அந்த லீவை எடுக்குமாறு நானும் சொன்னேன். "பேர் இங்க, ஆள் அங்க எண்டு ஒரு கதிரையப் புடிச்சி வெச்சிக்கி இருக்க ஏலா சேர்" என்று மறுத்துவிட்டார். பென்சனை இழந்தார். வாப்பா ஒரு வருடம் அவரோடு சரியாகப் பேசவில்லை. இடம் பிடித்து வைப்பவர் உண்மையில் யார் என்று அன்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அவர் விட்டுச் சென்ற கதிரைக்கு என்ன நடந்தது? அயல் பிரிவின் வைத்தியர் வாரத்தில் இரண்டு நாட்கள் வந்து 'பதில் கடமை' பார்க்கிறார். நிரந்தரத்தை விட்டவரைக் குறை கூறிய அதே ஊருக்கு அரசு அனுப்பி வைத்திருப்பதும் ஒரு பதிலாளைத்தான். வைத்தியம் பர்ளு கிபாயா. ஒரு சிலர் செய்தால் எல்லோர் மீதும் உள்ள கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். இமாம் கஸ்ஸாலி (றஹ்) இஹ்யாவில் ஒரு முறைப்பாடு வைக்கிறார். ஊர்களில் வைத்தியத்துக்கு எம்மவர் இல்லை. ஆனால் எல்லோரும் சட்டக் கல்விக்கு முண்டியடிக்கிறார்கள். ஏனென்றால் வக்பு நிருவாகமும் காழிப் பதவியும் அதில்தான் கிடைக்கின்றன என்பது அதன் சாரம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே கதிரையும் கடமையும் பிரிந்துவிட்டன போலும். உழ்ஹிய்யா மாட்டுக்குச் சான்றிதழ் கேட்டு வருடத்துக்கு ஒரு முறை அலுவலகத்தை மொய்க்கும் நாம், மீதி நாட்களில் அங்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்டதில்லை.

மறுபுறத்தில், நிரந்தரம் வேண்டி வருடக்கணக்கில் காத்திருந்த தொண்டர் ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுக்கு நியமனக் கடிதம் இருக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் பெயர்களும், எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்துத் தடுமாறும் என்பதும் மனப்பாடம். நிலைத்திருத்தல் என்பதன் பொருளை நான் அவர்களிடம்தான் கண்டேன்.

போவது பாவமா என்று என் மாணவர் அன்று கேட்டார். பாவமில்லை, ஆனால் அதைத் தவக்குல் என்றும் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றேன். தடுப்பூசி ஏற்றும் பருவம் முடியும் வரை அவர் நின்றார். பட்டிக்காரர் ஒவ்வொருவருடைய மாடுகளைப் பற்றியும் ஒரு கொப்பியில் எழுதி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டே சென்றார். இப்போது லோக்கத்துக்குப் போகும் இடங்களில், மருந்து தொடங்கிய பிராணியைத் திரும்பவும் பார்க்க ஒரு நாள் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்கிறாராம். அதனால் சில இடங்களில் அவரைக் கூப்பிடுவதில்லையாம். அவர் தமது பங்கைச் செய்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கொப்பியை இப்போது யார் திறந்து பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டியது எமது பங்கு.