விரித்த பாயும் சுருட்டிய பாயும்

மனித வாழ்வை மரக்கலத்துக்கு ஒப்பிடுவது நம் மரபில் மிகப் பழைய வழக்கம். பிறவியைக் கடலென்றும் திருச்சபையைக் கப்பலென்றும் சொல்லிச் சொல்லி அவ்வுவமை நம் செவிகளில் தேய்ந்துபோயிற்று. மறையுரைகளில் நானே அதை எத்தனை முறை கையாண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் ஒரு கப்பலின் பாய்மரம் எதனால் நிமிர்ந்து நிற்கிறது என்பதை ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். கற்பித்தவர் கடலோடி அல்லர். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர். கற்ற இடமும் கடற்கரை அன்று. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணை.

சுரங்கத்தில் அவர் 'ரிகர்' வேலை பார்த்தவர். டன் கணக்கில் எடையுள்ள இயந்திர உறுப்புகளை எஃகு வடத்தில் கட்டி ஏற்றுவதும் இறக்குவதும் அவருடைய தொழில். அந்தத் தொழிற்பெயரே பாய்க்கப்பலிலிருந்து கரைக்கு ஏறி வந்ததுதான். நம் ரயில்வேயிலும் துறைமுகங்களிலும் வழங்கும் 'கலாசி' என்ற சொல்லும் கப்பலாளைக் குறித்ததே. வடம் பிடித்த அந்தக் கைகள் இப்போது ஊசியும் நூலுமாக இரண்டடி நீளமுள்ள ஒரு கப்பலைச் சமைத்துக்கொண்டிருந்தன. மூன்று பாய்மரங்கள் கொண்ட பழைய போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் அது. 17ஆம் நூற்றாண்டில் மக்காவிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற போர்த்துக்கீசியர் வங்கக் கடலில் புயலில் சிக்கி, அன்னையை மன்றாடி, செப்டம்பர் 8ஆம் நாள் வேளாங்கண்ணியில் கரை சேர்ந்து, நன்றியாக அங்கே ஆலயம் எழுப்பினார்கள் என்பது நாம் யாவரும் அறிந்த மரபு. அந்தக் கப்பலைத்தான் அவர் மனத்தில் கண்டு செய்துகொண்டிருந்தார்.

மரக்கலத்தின் கயிறுகள் இரு வகைப்படும் என்று அவர் விளக்கினார். பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துபவை ஒரு வகை. அவை கீல் பூசிக் கறுத்திருக்கும். கட்டியபின் எளிதில் அவிழ்க்கப்படுவதில்லை. பருமலை ஏற்றவும் பாயைத் திருப்பவும் இழுக்கப்படுபவை மற்றொரு வகை. நம் தோணிக்காரர்கள் ஆஞ்சான் என்றும் தாமான் என்றும் வழங்குபவை இவ்வகையைச் சேர்ந்தவை. மாதிரிக் கப்பலில் முதல் வகைக்குக் கறுப்பு நூல், மற்றதற்குப் பழுப்பு நூல். நூறில் ஒரு பங்கு அளவில் செய்யும்போது ஐந்து சென்டிமீட்டர் தடித்த வடம் அரை மில்லிமீட்டர் நூலாகிவிடும். நூலின் பிசிறு அடங்க ஒவ்வொன்றையும் தேன்மெழுகில் இழுத்தெடுக்க வேண்டும். அணியத்தின் பக்கம் ஒரு கயிற்றை இறுக்கினால் மரம் முன்னால் வளையும். அமரத்தின் பக்கம் எதிர்க்கயிற்றை அதே அளவுக்கு இறுக்கினால்தான் நிமிரும். இடப்பக்கமும் வலப்பக்கமும் அவ்வாறே. "இழுப்பு இல்லாம எந்த மரமும் நேரா நிக்காது சாமி" என்றார். நான் கையேட்டில் குறித்துக்கொண்டேன். மறையுரைக்கு ஆகும் என்ற பழைய பழக்கம்.

ஆனால் அவர் என்னை அழைத்தது மறையுரைக்குக் கருத்துத் தர அன்று. ஒரு கேள்வி கேட்க.

கயிறு வேலையில் பாதி முடிந்திருந்தது. பாய்த்துணி தேயிலைச் சாற்றில் தோய்த்து, வெண்மை போக்கி, உலர்ந்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. பாயைப் பருமலில் கட்டிய பிறகே பருமலை மரத்தில் ஏற்றுவது எளிது. அதிலும் விரித்த பாய்க்கு முழுத்துணி வேண்டும். சுருட்டிக் கட்டிய பாய்க்கு மூன்றில் ஒரு பங்கு போதும். முழுத்துணியைச் சுருட்டினால் இந்தச் சிறிய அளவில் அது மூட்டைபோல் தடித்து நிற்கும். சுருட்டுவதற்கென்று ஒரு முறை வெட்டிவிட்டால் பின்னர் விரிக்க இயலாது. "விரிச்சுக் கட்டட்டுங்களா, சுருட்டிக் கட்டட்டுங்களா?" என்று கேட்டார். தொழில்நுட்பக் கேள்வி என்று எண்ணி, விரித்தால்தான் அழகு என்றேன். அவர் உடனே பதில் பேசவில்லை. பிறகு சொன்னதன் சுருக்கம் இது.

2004ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி இரு குடும்பங்களாக வேளாங்கண்ணி சென்றிருந்தார்கள். டிசம்பர் 26, ஞாயிறு காலை. அவரும் மனைவியும் தம்பியின் மனைவியும் ஆலயத்தில் இருக்க, தம்பி தன் பத்து வயது மகனை அழைத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போனார். ஆழிப்பேரலை வந்தது. அலறிக்கொண்டு தேடிய அந்த நேரத்தில் பெரியவரின் மனைவி, இருவரும் திரும்பினால் அந்தப் பழைய கப்பலைப் போல ஒன்று செய்து வைப்பதாக அன்னைக்கு நேர்ந்துகொண்டார். மாலையில் சிறுவன் ஒரு விடுதி மாடியில் உயிரோடு கிடைத்தான். தம்பி கிடைக்கவில்லை. நேர்ந்துகொண்ட அம்மாள் கப்பலைப் பற்றிப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாவதற்குச் சில நாள் இருக்கையில் மட்டும் கணவரிடம் நினைவூட்டினாராம்.

குருமடத்தில் படித்த எனக்கு விடை தயாராக இருந்தது. நேர்ச்சையைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது பேரேட்டில் ஒரு முழு வினாவையே ஒதுக்கியிருக்கிறார். திருச்சபைச் சட்டமோ இன்னும் தெளிவானது. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது 1193ஆம் விதி. நேர்ச்சைக்கு அடிப்படையான நிபந்தனை இல்லாமற்போனால் நேர்ச்சையும் அற்றுப்போகும் என்கிறது அடுத்த விதி. ஆக, அவர் இரு வகையிலும் விடுபட்டவர். இதைச் சொன்னேன். "அது தெரியுங்க. பையன் வந்தானே, அதுக்கு என்ன கணக்கு?" என்றார். என் சட்ட அறிவு அவ்விடத்தில் நின்றுவிட்டது.

அவருடைய இக்கட்டு இதுதான். பாயை விரித்தால் அது காப்பாற்றப்பட்டவர்களின் கப்பல். பெற்ற நன்மையை ஊரறியக் கூறும் கப்பல். தம்பியின் விதவை அதே வீட்டில் இருக்கிறார். அவர் கண்முன் அந்தக் கப்பல் என்ன பேசும்? சுருட்டினால் அது துறையில் முடங்கிய கப்பல்; உயிரோடு திரும்பி, இன்று வளர்ந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, நீ திரும்பியது ஒரு பொருட்டன்று என்பதுபோல் ஆகும்.

இந்தக் கேள்வி புதியதன்று. கிறிஸ்துவுக்கு முன் 45ஆம் ஆண்டில் சிசரோ எழுதிய 'கடவுளரின் இயல்பைப் பற்றி' என்ற நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. புயலுக்குத் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த ஓவியங்களைக் காட்டி, தெய்வங்கள் மனிதரைப் பேணுவதற்கு இவை சான்றல்லவா என்று ஒரு நண்பர் கேட்கிறார். நாத்திகர் எனப் பெயர் பெற்ற தியாகோராஸ் அதற்கு, மூழ்கிப் போனவர்களை எவரும் ஓவியமாக்கி வைப்பதில்லையே என்று விடை கூறுகிறார். இருபது நூற்றாண்டுகள் கடந்தும் அந்த விடையின் கூர் மழுங்கவில்லை. 2004இல் பேராலயத்துக்குள் கடல் புகவில்லை என்பதை அற்புதமென்று நம்மில் பலர் பேசினோம். அதே ஊரின் கரையில் நூற்றுக்கணக்கான திருப்பயணிகள் மாண்டுகிடந்தார்கள். பேசியவர்களில் நானும் ஒருவன்.

அப்படியானால் நன்றிக் காணிக்கை அனைத்துமே பொய்யா? பிரான்சில் மார்செய் நகரத்து அன்னை ஆலயத்தில் மாலுமிகள் காணிக்கை வைத்த சிறு கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. டென்மார்க்கில் எத்தனையோ லுத்தரன் ஆலயங்களிலும் இவ்வழக்கம் உண்டு. அந்நாட்டு மிஷனரிகள் பணியாற்றிய ஊர்களுள் மேல்பட்டாம்பாக்கமும் ஒன்று என்பது நினைக்கத்தக்கது. அந்தக் கப்பல்களைத் தொங்கவிட்டவர்கள் எல்லாரும் மூழ்கியவரை மறந்த கல்நெஞ்சர் என்று கொள்ள முடியாது. கடற்கரைக் குடும்பங்களில் மூழ்கியவர் இல்லாத குடும்பம் ஏது? பிழை நன்றியில் இல்லை. நன்றியைச் சான்றாக மாற்றுவதில் இருக்கிறது. "நான் பெற்றேன்" என்பது நன்றி. "பெறத் தகுந்தவனாக இருந்ததால் பெற்றேன்" என்பது வழக்குரை. அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பவர்கள் இறந்தவர்களும் அவர்களுக்காக அழுபவர்களும்.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை அன்றிரவு மீண்டும் வாசித்தேன். கப்பலைச் சுற்றி வடம் கட்டியதும், சரக்கைக் கடலில் எறிந்ததும், கப்பலின் தளவாடங்களையும் எறிந்ததும் அங்கே மாலுமியின் துல்லியத்தோடு சொல்லப்பட்டுள்ளன. பதினான்காம் இரவு கழிந்து விடியும் வேளையில், புயல் இன்னும் ஓயாதபோதே, பவுல் அப்பத்தை எடுத்து அனைவர் முன்னும் நன்றி செலுத்துகிறார். எவரும் உயிரிழக்க மாட்டார் என்ற உறுதி அவருக்கு முன்னமே அளிக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. கப்பலில் இருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள். நமக்கு அந்த உறுதி கிடைப்பதில்லை. ஆனால் அதே நன்றி, எந்தப் புயலும் அமராத ஓர் இரவில், இறுதி இராவுணவில் முதலில் சொல்லப்பட்டது. சொன்னவர் மறுநாள் காப்பாற்றப்படவில்லை. நற்கருணைக்குக் கிரேக்கத்தில் வழங்கும் பெயரின் பொருளே நன்றி கூறல்தான். தியாகோராஸ் தேடிய ஓவியம், காப்பாற்றப்படாதவருடைய உருவம், நம் பீடத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் முன் நின்று சொல்லக் கூசாத நன்றியே கிறிஸ்தவ நன்றி என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவையும் அவரிடம் சொல்லலாம் என்று அடுத்த வாரம் சென்றேன். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. நடு மரத்தின் பாயும் பின் மரத்தின் பாயும் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. முன் மரத்தின் கீழ்ப்பாய் மட்டும் காற்று வாங்கி விரிந்திருந்தது. தம்பியின் மனைவி அதன் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். "புயல்ல எல்லாப் பாயும் விரிக்க மாட்டாங்க சாமி, இது ஒண்ணுதான் கரைக்கு இழுத்துட்டு வரும்" என்றார் பெரியவர். பவுலின் கப்பலிலும் கடைசியாக ஏற்றப்பட்டது முன்பாய்தான் என்று நான் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. வேறு எதை ஏற்றுவார்கள் என்பதுபோல் பார்த்தார்.

பாயின் பின்புறம், சுவரை நோக்கி நிற்கப்போகும் பக்கத்தில், ஒவ்வொரு கயிறும் கட்டவேண்டிய இடத்தில் கட்டப்பட்டிருந்தது. கப்பல் வருகிற செப்டம்பரில் வேளாங்கண்ணி செல்லும். கொண்டுபோய் வைக்கப்போகிறவர் அன்று உயிர் பிழைத்த பிள்ளை. உடன் செல்பவர் அவர் தாய்.

பெற்ற நன்மைகளைச் செபக் கூட்டங்களில் எழுந்து அறிவிக்கும் வழக்கம் நம் பங்குகளில் பெருகியிருக்கிறது. அது நல்லதே. அறிவிக்குமுன் அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் யார் என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வோம். எந்தப் பாயை விரிப்பது, எதைச் சுருட்டுவது என்பது அப்போது விளங்கும்.