கேளாமல் கொடுத்த கம்பி

எதிரணியின் கருவி பழுதடைந்து நிற்கும்போது, நம்மிடமுள்ள உதிரிப்பாகத்தைக் கொடுத்து அவர்கள் நம்மை வெல்ல வழிசெய்வது அறமா, பேதைமையா? குருமடத்தில் நான் பயின்ற அறநெறி நூல்களில் இக்கேள்வி இந்த வடிவில் இருந்ததில்லை. சின்ன காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் ஐவருக்குத் துணையாகச் சென்னையில் நடந்த மாணவர் ரோபோ போட்டி ஒன்றுக்குச் சென்றபோதுதான் அது என்முன் வந்து நின்றது.

அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு, 1992இல் பள்ளி மாணவருக்கென இத்தகைய போட்டியைத் தொடங்கியது. நான் கண்டதும் அவ்வழி வந்ததே. இரண்டு அணிகள் சேர்ந்து ஒரு கூட்டணி. காலையில் எதிர்த்தவரோடு மாலையில் தோள்சேர நேரலாம். முதல் 30 வினாடிகள் ரோபோ தன் நிரலின்படி தானே இயங்கும். அடுத்த 2 நிமிடங்கள் பிள்ளைகள் இயக்குவார்கள். அவ்வளவே ஆட்டம்.

உண்மையான உழைப்போ இரு ஆட்டங்களுக்கு இடையில்தான். பழுதுபார்க்கும் இடத்தை 'பிட்' என்கிறார்கள். பிட் என்றால் குழி. எங்கள் ஊரில் நெசவாளர் கால்களைத் தொங்கவிட்டு அமர்வதும் தறிக்குழியில்தான். ஐவரில் இருவர் அத்தகைய வீட்டுப் பிள்ளைகள். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி, அதைத் தேடிப் பிடித்து முடிச்சிட்ட பின்பே நாடாவை ஓட்டும் பொறுமையைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதிர்வில் தளர்ந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்கள். 12 வோல்ட் மின்கலத்தை மாற்றினார்கள். ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பார்த்தார்கள்.

அப்போது அடுத்த ஆட்டத்தில் எங்களை எதிர்க்கவிருந்த அணியிலிருந்து ஒரு சிறுவன் ஓடிவந்தான். மோட்டார் எத்தனை சுற்றுச் சுழன்றது என்பதைக் கருவியின் மூளைக்குச் சொல்லும் மெல்லிய கம்பி அறுந்துவிட்டதாம். அதில்லாவிட்டால், எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே அவர்களுடைய ரோபோவுக்குத் தெரியாது. எங்கள் பெட்டியில் உபரியாக இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பையன் ஒருவன் அதை எடுத்து நீட்டிவிட்டான், எவரையும் கேளாமல். அந்த ஆட்டத்தின் முதல் 30 வினாடிகளில் அவர்கள் சேர்த்த புள்ளிகளை எங்களால் கடைசிவரை எட்ட முடியவில்லை.

திரும்பும் வேனில், பெட்டிக்குப் பொறுப்பாயிருந்த மாணவி பொருமினாள்: "ஃபாதர், அது எங்க அப்பா அம்மா நெசவுக் கூலியில போட்ட பணம். இவன் தர்மம் பண்ண அதுதான் கிடைச்சுதா?"

அன்புக்கும் ஒரு வரிசையுண்டு, நெருங்கியவருக்கு முதல் உரிமை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். கடும் இடரில் பொருள்கள் பொதுவாகிவிடும் என்றும் அவரே சொல்கிறார். ஆனால் ஒரு ரோபோ நின்றுபோவது பட்டினியல்லவே! ஆகவே கொடுத்தே ஆகவேண்டிய கடமை எதுவும் இல்லை. எனினும், எவர் கருவி மேலானது என்று அறியத்தானே மாதக்கணக்கில் உழைத்தார்கள்? அறுந்த கம்பியை வென்றால் அக்கேள்விக்கு விடை கிடைத்திருக்குமா? அந்தப் பையன் எதிரணிக்கு மட்டும் உதவவில்லை, தங்கள் உழைப்புக்கும் ஒரு நேரிய சோதனையைத் தேடிக்கொண்டான் என்றே எனக்குப் பட்டது.

அவள் விடவில்லை. "கம்பியைப் பாத்துக்குறதும் திறமைதானே ஃபாதர்? நாங்க பாத்துக்கிட்டோம், அவங்க பாத்துக்கல." இந்த வாதத்தில் வலு இருக்கிறது. கவனக்குறைவுக்கு விலை உண்டுதான். அதை வசூலிப்பவர் நாமாக இருக்கவேண்டுமா என்பதே என் தயக்கம்.

ஒன்றில் மட்டும் அவள் பக்கமே நியாயம். ஐவரின் பொருளை ஒருவன் தனியே கொடுத்தால், இழப்பு ஐவருக்கு, ஈகை ஒருவனுக்கு. மற்ற நால்வரும் கொடுக்கும் வாய்ப்பையே அவன் பறித்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூரில் தேநீருக்காக இறங்கியபோது இதை அவனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவன் அவளிடம் திரும்பி, "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்றான்.

அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே, "தெரியல" என்றாள்.